மூடிய சட்டியும் சிறு நெருப்பும்

இலக்கியம் பேசும் பக்கத்திலே சட்டிக்கும் பானைக்கும் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். முப்பது ஆண்டுகள் பாடசாலையிலே தமிழ் கற்பித்தவன், ஓய்வு பெற்றதும் குசினிப் பக்கம் ஒதுங்கிவிட்டான் போலும் என்று நகைப்போரும் இருப்பர். நகைக்கட்டும். நூல்களிலே நான் படித்தும் விளங்கிக்கொள்ளாத ஒன்றை ஒரு மண்சட்டி எனக்கு விளக்கிற்று. அதை நாலு பேரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது முறையன்று என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

என் ஊர் அக்குறணை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் பெருந்தெருவில், ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. தெருவின் இருமருங்கும் கடைகள். கடைகளுக்குப் பின்னே மேடும் பள்ளமுமாக வீடுகள். வீடுகளுக்கு அப்பால் மிளகுக் கொடியும் கராம்பு மரமும் சாதிக்காய் மரமும் நிழல் செய்யும் தோட்டங்கள். பெருமழை பெய்தால் பிங்கா ஓயா கடைவீதிக்குள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். கண்டி அரசர் காலத்திலே முஸ்லிம்கள் பொதிமாடுகளை ஓட்டிக் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றினர். பாக்கையும் மிளகையும் கீழே இறக்கினர். ‘தவளம்’ என்பது அந்தப் பொதிமாட்டு வாணிகத்தின் பெயர். அரண்மனையின் போக்குவரத்துப் பகுதியான ‘மடிகே பத்த’விலும் அவர்கள் பணி செய்தனர் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். ஆதலால் மிளகும் கராம்பும் எங்கள் சட்டிக்குள் விழுந்ததில் வியப்பு இல்லை. அவை வேலியோரத்துச் சரக்குகள்.

எங்கள் வீட்டிலே பெருநாள் காலத்துக்கென்று ஒரு பண்டம் உண்டு. ஆட்டிறைச்சியை மண்சட்டியில் அடுக்கி, மூடியின் வாயை மாவினால் அடைத்து, கீழும் மேலும் தணல் வைத்து இரவெல்லாம் வேகவிடுவது. ‘மூடுசட்டி’ என்பது என் வீட்டார் அதற்கு இட்ட பெயர். வேறு வீடுகளில் வேறு பெயர் இருக்கலாம். இதைச் செய்யும் வகை என் உம்மும்மாவின் கொப்பி ஒன்றிலே எழுதப்பட்டிருந்தது. அவர் தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அறபுத் தமிழ் நன்றாக எழுதுவார். தமிழ் மொழியை அறபு எழுத்தால் எழுதும் அம்முறையிலேதான் அக்காலத்துப் பெண்கள் பலரும் மார்க்க நூல்களைப் படித்தார்கள். மஞ்சள் கறை படிந்த அந்தக் கொப்பியை என் உம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவார். சரக்குகளின் பெயர் இருக்கும், அளவு இராது. நேரம் மட்டும் தெளிவாக இருந்தது: இஷாவுக்கு வைத்துச் சுபஹுக்கு எடுக்க வேண்டும்.

இஷா என்பது இரவுத் தொழுகை. சுபஹு விடியற்காலைத் தொழுகை. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். “இரண்டு மணி நேரத்தில் வேகிற இறைச்சிக்கு ஒன்பது மணி நேரம் ஏன், உம்மா? அந்தக் காலத்து மனிதருக்கு வேறு வேலை இல்லை” என்று நான் சொன்னதுண்டு. உம்மா மறுமொழி சொல்லமாட்டார். மறுமொழி சொல்லாதவர்களை வென்றுவிட்டதாக எண்ணுவது ஆசிரியர்களுக்கு இயல்பாக வரும் நோய்.

அந்த நோய் முற்றியதொரு நாளிலே, 2014இல் என்று நினைவு, குசினியைப் புதுப்பிக்கத் தொடங்கினேன். சுவரோரத்தில் இருந்த விறகடுப்பை இடித்தேன். அதன் மேலே புகைபடிந்து கறுத்திருந்த பரணையும் இறக்கினேன். அந்த இடத்தில் வெள்ளை ஓடு பதித்து, எரிவாயு அடுப்பும் மின்சாரப் போறணையும் வைத்தேன். குசினி என்ற சொல்லும், போறணை என்ற சொல்லும், அதிலே சுடப்படும் பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை என்று வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருவர் விட்டுச் செல்வதை மற்றவர் பேணுவது பற்றி அவ்வளவு பேசிய நான், என் உம்மா நாற்பது ஆண்டு குனிந்து நின்ற அடுப்பை ஒரு பகலில் இடித்து முடித்தேன். உம்மாவின் கண்ணைப் புகையிலிருந்து காப்பதே என் நோக்கம். அதில் பொய் இல்லை. ஆயினும் அவரைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூலியாட்கள் இடிபாட்டை அள்ளும்போது, “அந்த மூணு கல்லையும் மட்டும் தாங்க, மகன்” என்றார். அடுப்பின் மூன்று கற்கள். அவற்றை எடுத்துப் போய்க் கறிவேப்பிலை மரத்தடியிலே வைத்துக்கொண்டார். அவற்றின் மேலே பூச்சட்டிகள் வைக்கப்பட்டன. நானும் மறந்துபோனேன்.

நிற்க. எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு சிங்களக் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குச் சிறிது வயல் உண்டு. அந்த வீட்டு அம்மையாரை உம்மா ‘நங்கி’ என்று அழைப்பார். சிங்களத்திலே தங்கை என்று பொருள். அவர் உம்மாவை ‘அக்கே’ என்பார். சித்திரை வருடப்பிறப்புக்குப் பாற்சோறும் எண்ணெய்ப் பலகாரமும் வேலியைக் கடந்து இப்பால் வரும். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அப்பால் போகும். தட்டு ஒருபோதும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

2018 மார்ச் மாதம் வந்தது. எங்கள் மாவட்டத்திலே முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எரிந்தன. நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. எங்கள் பகுதியில் ஊரடங்கு. அந்த அம்மையாரோ அவர் வீட்டாரோ எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆயினும் அந்த வாரத்துக்குப் பின்னர் அவர்கள் எங்கள் முகத்தை நேரே பார்க்கக் கூசினர்; நாங்களும் கூசினோம். வருடப்பிறப்பு வந்தது, தட்டு வரவில்லை. பெருநாள் வந்தது, தட்டு போகவில்லை. சண்டை இல்லை, சமாதானமும் இல்லை. சண்டை என்றால் யாராவது தீர்த்து வைக்கலாம். மௌனத்தை எவரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது? இப்படியே நான்கு ஆண்டுகள் கழிந்தன.

2022ஆம் ஆண்டு இலங்கையர் எவருக்கும் மறக்காது. மார்ச் முடிவிலே ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. எரிவாயுக் கொள்கலனுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. எங்கள் வீட்டு மின்சாரப் போறணை, மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு மாலையில் பட்டென்று ஓர் ஓசை எழுப்பிவிட்டு ஓய்ந்தது. அதற்கு வேண்டிய உதிரிப்பாகம் கடையில் இல்லை. வெள்ளை ஓட்டுக் குசினியிலே வெறுமையான கொள்கலன் ஒருபுறமும், செத்த போறணை மறுபுறமுமாக இருந்தன. நடுவிலே நான் நின்றேன்.

ஜூலை 9ஆம் திகதி கொழும்பிலே மக்கள் வெள்ளம் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. மறுநாள் 10ஆம் திகதி எங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அன்றுதான் குர்பான் கொடுப்பது. அறுத்த இறைச்சியைப் பங்கிட்டு, தமக்கும் உறவினர்க்கும் வறியவர்க்கும் என்று கொடுப்பது வழக்கம். அவ்வாண்டு குர்பான் கொடுக்கக்கூடியவர்கள் குறைந்திருந்தார்கள். பங்கை எதிர்பார்ப்பவர்கள் கூடியிருந்தார்கள். மாலையிலே உறவினர் வீட்டிலிருந்து எங்களுக்கு இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வந்தது. குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியாது. அன்றிரவே சமைத்தாக வேண்டும். எதில்?

உம்மாவுக்கு அப்பொழுது எண்பத்தொரு வயது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார். கறிவேப்பிலை மரத்தடியிலே பூச்சட்டிகளை நகர்த்தச் சொன்னார். மூன்று கற்களும் இருந்தன. எட்டு ஆண்டு மழையில் நனைந்தும் ஒரு பக்கம் கறுப்பாகவே இருந்தன. என்னால் அவற்றை நேரே பார்க்க முடியவில்லை. “தூக்கி வைங்க, மகன்” என்றார். இதுவரை அவர் என்னைக் கண்டித்ததிலே அதுதான் கடுமையானது; அதிலேயும் கடுமை இல்லை.

கல் உண்டு, சிரட்டைக் கரி செய்யத் தேங்காய்ச் சிரட்டை உண்டு. ஆனால் இரவு முழுவதும் நெருப்பை அணையாமலும் எரியாமலும் காப்பதற்கு உமி வேண்டும். உமி வேலிக்கு அப்பால் இருந்தது. நான் தயங்கினேன், கடையில் தேடிப் பார்க்கிறேன் என்றேன். உம்மா என்னைக் கேட்கவில்லை. வேலியோரம் போய், நான்கு ஆண்டுகளாக ஒலிக்காத குரலில், “நங்கி!” என்று அழைத்தார்.

சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்பு, “ஏன் அக்கே?” என்று மறுமொழி வந்தது. இடையிலே நான்கு ஆண்டுகள் கழிந்ததை அந்தக் குரலில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. உம்மா உமி கேட்டார். அந்த அம்மையார் ஒரு சாக்கு உமியைத் தாமே இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் எரிவாயு இல்லை; அவரும் கல் அடுப்புக்குத் திரும்பியிருந்தார். இரண்டு கிழவிகளும் என் புதுக் குசினியை எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் முற்றிலும் உரியவன்.

இனி, செய்த வகையைச் சொல்கிறேன். தோளும் முன்னங்காலும் நெஞ்செலும்புமாக இரண்டு கிலோ இறைச்சி. இவை ஆடு நடந்து உழைத்த உறுப்புகள், ஆதலால் கடினமானவை. அவசரச் சமையலுக்கு ஆகா. இதற்கோ இவைதாம் வேண்டும். ஒரு கோப்பை எருமைத் தயிர், இடித்த இஞ்சியும் பூண்டும், கரகரப்பாக இடித்த மிளகு இரண்டு மேசைக்கரண்டி, வறுத்து அரைத்த மல்லி அவ்வளவு, சீரகம் அதிற் பாதி, உப்பு ஆகிய இவற்றைப் பிசறி மூன்று மணி நேரம் வைத்தோம். விரல் நீளக் கறுவாப்பட்டை இரண்டு, ஏலம் ஆறு, கராம்பு ஆறு, சாதிக்காயில் சுரண்டிய தூள் ஒரு சிட்டிகை. சட்டியின் உட்புறம் நெய் தடவி, அடியிலே அரைக் கிலோ சின்ன வெங்காயத்தைப் பரப்பினோம். அதன்மேல் எலும்பு, எலும்பின்மேல் சதை, சதையின்மேல் பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு, அதன்மேல் ரம்பையும் கறிவேப்பிலையும். தண்ணீர் ஒரு துளியும் இல்லை. வெங்காயமும் இறைச்சியும் தம் நீரைத் தாமே விடும். வாழையிலையால் மூடி, மூடியை வைத்து, கோதுமை மாவைப் பிசைந்து கயிறுபோல உருட்டி இடுக்கு முழுவதையும் அடைத்தோம்.

நெருப்பு வைப்பதுதான் வித்தை. தணலைக் கீழே ஒரு பங்கும் மேலே இரண்டு பங்குமாக உம்மா வைப்பித்தார். காரணம் எளிது. கீழே உள்ள சூடு தானே மேலேறும். மேலே வைத்த சூடு இலகுவில் கீழிறங்காது. அடியில் மிகுந்தால் வெங்காயம் கருகும். மேலே குறைந்தால் கிழங்கு வேகாது. பின்பு சட்டியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு உமியைக் குவித்து, தணல்மேல் சாம்பலைத் தூவினோம். உமி சுடர்விட்டு எரியாது, உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். மழைத் தூறலுக்குக் கூரையாக ஒரு தகரத்தைச் சாய்த்தோம். இஷாத் தொழுகைக்கு அழைப்பு ஒலித்தது.

நள்ளிரவிலே எனக்குப் பொறுமை கெட்டது. எல்லாம் அமைதியாக இருந்தது. கொதிக்கும் ஓசை இல்லை, புகை இல்லை. நெருப்பு அணைந்துவிட்டதோ, இரண்டு கிலோ இறைச்சியும் வீணாயிற்றோ என்ற பயம். அந்த ஆண்டிலே இரண்டு கிலோ இறைச்சி என்பது சிறிய பொருளன்று. டோர்ச்சை எடுத்துக்கொண்டு மெல்லப் போய், கத்தி முனையை மாவுக் கட்டிலே வைத்தேன். திண்ணையிலிருந்து குரல் வந்தது, உம்மா தூங்கவில்லை.

“வேகுதா என்டு தொறந்து பாத்தா, வேகிறது நின்டு போகும், மகன். மணத்தப் பாருங்க.”

குனிந்து முகர்ந்தேன். உமிச் சாம்பலின் வாடைக்கு அடியிலே, மிக மெலிதாக, கறுவாவும் மிளகும். சட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு என் மேற்பார்வை வேண்டியிருக்கவில்லை.

சுபஹுத் தொழுது வந்து மாவுக் கட்டைத் தட்டி உடைத்தோம். அது பாணின் மேலோடுபோலச் சிவந்திருந்தது. மூடியைத் தூக்கியதும் எழுந்த ஆவியை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. எலும்பைப் பிடித்து இழுத்தால் சதையை விட்டு வழுவி வந்தது. ஆயினும் சதை சிதையவில்லை. துண்டு துண்டாகவே நின்றது. அடியிலே வெங்காயம் கரைந்து, எலும்பின் சாறோடு சேர்ந்து, விரலில் ஒட்டும் கெட்டியான ஆணமாகியிருந்தது.

இதன் காரணத்தைப் பின்னர் நூல்களில் தேடினேன். உழைத்த தசையை நார்போலப் பிணைத்து நிற்பது கொலாஜன் என்னும் பொருள். ஈரமான சூட்டிலே, ஏறக்குறைய 60, 70 பாகை செல்சியசுக்கு மேலே, பல மணி நேரம் இருந்தால் அது இளகி ஜெலட்டின் என்னும் பசையாக மாறுகிறது. பெருநெருப்பிலே கொதிக்க வைத்தால் அந்த மாற்றம் நிறைவேறுவதற்குள் தசைநார்கள் சுருங்கித் தம் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. இறைச்சி வெந்தும் சவுக்குப் போலிருக்கிறது. ஆகவே வெப்பத்தின் மிகுதியன்று, காலத்தின் நீட்சியே இதனை ஆற்றுவது.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவிலே இதைக் கண்டு வியந்தவர் ஓர் அறிவியலாளர். அவரும் கண்டது தற்செயலாகத்தான். பவேரிய அரசிலே பணியாற்றிய ரம்ஃபோர்ட் பிரபு (1753–1814) வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்தவர். உருளைக்கிழங்கை உலர்த்துவதற்கென்று தாம் அமைத்த சாதனத்திலே ஓர் ஆட்டுத் தோளிறைச்சியை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. மனம் சோர்ந்து, சமையற் பெண்களிடம் விட்டுவிட்டுப் போனார். நேரமாகிவிட்டதே என்று அவர்களும் அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். காலையிலே பார்த்தால் இறைச்சி மிக மிருதுவாக வெந்திருந்தது. என் உம்மும்மாவிடம் அவர் கேட்டிருந்தால், இஷாவுக்கு வைத்ததை மூன்று மணி நேரத்தில் ஏன் ஐயா திறந்தீர் என்று சொல்லியிருப்பார்!

உலகமெங்கும் இவ்வறிவு வீட்டு மனிதரிடமே இருந்திருக்கிறது. மொரொக்கோவின் மரக்கேஷ் நகரத்திலே இறைச்சியைத் தாழியில் இட்டு வாயைக் கட்டி, பொதுக் குளிப்பிடத்தின் உலைச் சாம்பலிலே புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பிரான்சின் அல்சேஸ் பகுதியில், துணி வெளுக்கும் திங்கட்கிழமைகளிலே பெண்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய சட்டியை மாவினால் அடைத்து, பாண் சுடுவோரின் போறணையில் விட்டுச் செல்வது முன்னாளில் வழக்கமாக இருந்தது. அவர்கள் சட்டிக்குள்ளே இடுவன எல்லாம் நமக்கு ஆகா. ஆனால் அந்த மாவுக் கட்டைக் கண்டால் உம்மும்மா உறவு கொண்டாடியிருப்பார். எல்லோரும் கற்றது ஒன்றே: அடைத்துவிடு, சிறு நெருப்பிலே விடு, நம்பு.

மீண்டும் அந்தக் காலைக்கு வருகிறேன். முதற் பங்கை உம்மா பழைய பீங்கான் தட்டிலே எடுத்தார். பூவேலை செய்த அந்தத் தட்டை நான்கு ஆண்டுகளாக அலுமாரியில் தனியே வைத்திருந்திருக்கிறார். என் மகள் அதை வேலிக்கு அப்பால் கொண்டுபோனாள். அந்த அம்மையார் இறைச்சி உண்பதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் உண்டார்கள். பகலிலே தட்டு திரும்பி வந்தது. அதிலே ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம் இருந்தது. உம்மா பழத்தைப் பார்க்கவில்லை. தட்டையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2018இல் நாங்கள் கண்டது பெருநெருப்பு. அது ஒரு வாரத்திலே எரித்ததைச் சரிசெய்ய வெள்ளையறிக்கைகளும் மேடைப் பேச்சுகளும் போதவில்லை. ஒரு சாக்கு உமி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். எரிந்த கடைக்காரரின் துயரத்தை என் சட்டியில் இட்டு மூட எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கள் வேலியின் இருபுறமும் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அன்றிரவு இளகத் தொடங்கியது. அது இளகியதை நான் காணவில்லை, மணத்தால் அறிந்தேன்.

உம்மா 2024இல் இறையடி சேர்ந்தார். போறணையைப் பின்னர் பழுது பார்த்தோம். பாணுக்கும் கேக்குக்கும் அது நல்ல வேலைக்காரன், குறை சொல்லேன். ஆனால் மூன்று கற்களும் பின்முற்றத்தில் ஒரு சிறு கூரையின் கீழே இருக்கின்றன. உம்மும்மாவின் கொப்பியை என் மகள் தமிழ் எழுத்திலே பெயர்த்து எழுதுகிறாள். “வாப்பா, இஷாவிலிருந்து சுபஹு வரை என்பதை எத்தனை நிமிடம் என்று போடட்டும்?” என்று கேட்டாள். அப்படியே எழுது என்றேன். அதன் கீழே அவள் தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: உமி, பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.

சென்ற பெருநாளுக்குக் கேட்க நேரவில்லை. முதல் நாள் மாலையே ஒரு சாக்கு உமி வேலியோரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.